தலையணை உறைக்குள் ஒரு தலை

போன் அடித்தது.

அண்ணி அப்போது ஒரு பல் டாக்டரின் மேஜைக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தாள். வாயில் டார்ச். கையில் வயர் நறுக்கும் கட்டர். தலைக்கு மேலே ஒரு பேஷன்ட் 'ஆ...' என்று இழுத்துக்கொண்டிருந்தார்.

டார்ச்சைத் துப்பிவிட்டு போனை எடுத்தாள்.

"அண்ணி, நான்தான்."

"தம்பி, நான் வேலையா இருக்கேன்."

"ஒரு ஆளைக் கடத்திட்டாங்க அண்ணி."

"நான் கடத்தலை."

"விளையாடாதீங்க அண்ணி. கடத்தின ஆளை கம்ப்யூட்டர்ல லைவா காட்டிட்டு இருக்கானுங்க. எங்கேர்ந்து வருதுன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும். மெத்தை கம்பெனி. ஜீப் அனுப்பியிருக்கேன்... வாசல்ல நிக்கும்."

நின்றது.

அண்ணியின் தொழில் நெட்வொர்க் ரிப்பேர். ஊரில் பாதி ஆபீஸ்களின் வயர்கள் அவள் கை பட்டவை. போனில் பேசிய இன்ஸ்பெக்டர் அவள் கணவனின் தம்பி. அவன் 'அண்ணி' என்று கூப்பிடுவதைக் கேட்டு ஸ்டேஷன் முழுக்க அவளை அண்ணி என்றே கூப்பிட ஆரம்பித்தது. போன மாதம் கைதான ஒரு பைக் திருடன்கூட விலங்கோடு எழுந்து நின்று, "வணக்கம் அண்ணி" என்றான்.

பதினொன்று பத்துக்கு ஜீப் மெத்தை கம்பெனி வாசலில் நின்றது.

வாசல் சுவரில் ஒரு மெஷின். முகத்தைப் பார்த்து வருகையைப் பதிவு செய்கிற ரகம். எதிர்கொண்டு அழைக்க வந்த இன்ஸ்பெக்டர் அதன் முன்னால் வந்து நின்றான்.

"நீங்கள் இரண்டு மணி நேரம் பத்து நிமிடம் தாமதம்" என்றது மெஷின்.

"வந்ததுலேர்ந்து இதையேதான் சொல்லுது அண்ணி. நிமிஷம் மட்டும் ஏறிட்டே போகுது" என்றான் இன்ஸ்பெக்டர். குரலில் லேசான குற்ற உணர்வு.

முதலாளியின் அறை. பெரிய மேஜை. அதன் மேல் கம்ப்யூட்டர்.

அண்ணி திரையைப் பார்த்தாள்.

அரை இருட்டில் ஒரு நாற்காலி. அதில் ஒரு ஆள். கைகள் பின்னால் கட்டப்பட்டிருந்தன. தலை தெரியவில்லை. பூப்போட்ட தலையணை உறை ஒன்று கழுத்து வரை இறங்கியிருந்தது.

படத்துக்குக் கீழே எழுத்துகள் ஓடின.

'முகம் பார்க்கும் மெஷினை எல்லா ஊழியர்கள் முன்னிலையிலும் சுத்தியலால் அடித்து நொறுக்க வேண்டும். ஒரு மணிக்குள். இல்லையேல் முதலாளியை மெத்தைக்குள் வைத்துத் தைத்துவிடுவோம். இந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டாலும் தைப்போம். இப்படிக்கு, கும்பல்.'

"தைக்கிறதா?" என்றாள் அண்ணி.

"நாலு பக்கமும்" என்றார் மேனேஜர். மேனேஜருக்கு மீசைதான் முதலில் வரும். ஆள் பின்னால் வருவார். அந்த மீசை இப்போது நடுங்கிக்கொண்டிருந்தது. "பத்து மணிக்கு ஒரு கையெழுத்துக்காக உள்ள வந்தேன். ஐயா இல்ல. இந்தப் படம்தான் ஓடிட்டு இருந்துச்சு. உடனே போலீசுக்குப் போன் பண்ணிட்டேன்."

"அவசரப்பட்டுட்டீங்க மேனேஜர்" என்றது ஒரு பெண் குரல்.

முதலாளியம்மா. முதலாளியின் மனைவி, கம்பெனியில் சரிபாதி பங்குதாரர். கண்கள் சிவந்திருந்தன. கையில் ஒரு கனத்த சுத்தியல்.

"ஒரு மெஷினா பெருசு? உடைச்சுடறேன். ஸ்டாஃபை எல்லாம் வாசலுக்குக் கூப்பிடுங்க. அவருக்கு ஒரு மணிக்கு பி.பி. மாத்திரை போட்டாகணும்."

"அம்மா, அந்த சுத்தியலைக் குடுங்க" என்றான் இன்ஸ்பெக்டர். "இன்னைக்கு நீங்க உடைச்சா நாளைக்கு ஊர்ல இருக்கிற ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு முதலாளியைக் கடத்துவானுங்க. பணியக் கூடாது."

"உங்க புருஷனையா கட்டிப் போட்டிருக்காங்க?"

இன்ஸ்பெக்டர் ஒரு நொடி யோசித்தான். "இல்ல" என்று ஒப்புக்கொண்டான். ஆனாலும் சுத்தியலை வாங்கி ஜன்னல் திட்டில் வைத்துவிட்டான்.

"அந்த மெஷின் மேல யாருக்குக் கோபம்?" அண்ணி கேட்டாள்.

"யாருக்கு இல்லன்னு கேளுங்க" என்றார் மேனேஜர். "ஐயா ஆசைப்பட்டு வாங்கி மாட்டினார். மூணு வாரம் ஆச்சு. தையல் பிரிவு, பஞ்சு பிரிவு, டிரைவருங்க... மொத்தம் நாப்பத்தாறு பேரு. நாப்பத்தாறு பேருக்கும் கோபம்."

இன்ஸ்பெக்டர் திரையருகே குனிந்தான். "அண்ணி, ஆள் உயிரோடதான் இருக்கார். நான் கேள்வி கேட்டேன், தலையாட்டினார். பாருங்க." குரலை உயர்த்தினான். "சார்... உங்களைக் கடத்தினது ரெண்டு பேரா?"

தலையணை உறை மெல்லக் கீழே சாய்ந்து, சட்டென்று நிமிர்ந்தது.

"அஞ்சு பேரா?"

சாய்ந்தது. நிமிர்ந்தது.

"பத்து பேரா?"

இந்த முறை நன்றாகவே சாய்ந்தது.

"பெரிய கும்பல் அண்ணி" என்றான் இன்ஸ்பெக்டர் தாழ்ந்த குரலில்.

அண்ணி பையைத் திறந்து லேப்டாப்பை எடுத்தாள்.

அவளிடம் ஒரு கருவி இருந்தது. பெயர் மோப்பி. பட்டன், படம் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையை டைப் அடிக்க வேண்டும். நெட்வொர்க்கில் போகிற வருகிற ஒவ்வொரு தகவல் பொட்டலத்தையும் முகர்ந்து பார்த்து, எங்கிருந்து எங்கே என்று வரிவரியாகச் சொல்லும். ஏழு வருடமாக அண்ணியின் சாப்பாடு அதில்தான்.

ஆபீஸ் வைஃபையில் லேப்டாப்பை இணைத்தாள். மோப்பியை ஏவினாள்.

ஒரே ஒரு வரி வந்தது.

அன்சப்போர்ட்டட் இன்டர்ஃபேஸ்.

"என்ன அண்ணி சொல்லுது?"

"வைஃபை வழி தனக்குப் பழக்கமில்லையாம்."

"சரி, வேற வழி?"

தன் போனை வயரால் லேப்டாப்பில் செருகி அதன் வழியாக முயன்றாள்.

அன்சப்போர்ட்டட் இன்டர்ஃபேஸ்.

"இதுவும் பழக்கமில்லையா?"

"இல்ல."

"அண்ணி... அதுக்கு யாரைத்தான் பழக்கம்?"

அறையில் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அண்ணிக்குக் காது சூடாகியது. மோப்பியை அவள் திட்டலாம். அடுத்தவர் சொன்னால் பொறுக்காது.

"பழைய ஆளு தம்பி. ஈதர்நெட்னு சொல்ற ஒயர்தான் தெரியும். ஒயர்ல விட்டா பிரிச்சு மேஞ்சிடும்." பையைத் துழாவி ஒரு பழைய ஹப் பெட்டியை எடுத்தாள். "கம்ப்யூட்டருக்குப் போற ஒயரைக் கழட்டி, இந்தப் பெட்டி வழியா செருகப் போறேன். ஒருத்தருக்கு வர்றது இதுல எல்லாருக்கும் கேக்கும். என் லேப்டாப்பும் கூட உக்காந்து கேட்டுக்கும்."

"கழட்டினா படம் நின்னுடுமே" என்றார் மேனேஜர்.

"ரெண்டு செகண்டு."

"ரெண்டு செகண்டுல தைச்சுட்டாங்கன்னா?"

ஒரு மெத்தையைச் சுற்றித் தைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று அந்த அறையில் தெரிந்த ஒரே ஆள் மேனேஜர். அவர் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது.

"வேண்டாம்" என்றாள் முதலாளியம்மா. வேகமாக. "மெஷினை உடைச்சுடலாம். அதான் சுலபம்."

பன்னிரண்டு ஐந்து.

அண்ணி மேஜைக்குப் பின்னால் குனிந்தாள். நீல நிற வயர். விரலால் கிளிப்பை அழுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

கழற்றினாள்.

ஒன்று... இரண்டு...

"நின்னுச்சா?" தரையிலிருந்து கேட்டாள்.

"இல்ல அண்ணி. ஓடுது."

முன்கூட்டி வாங்கி வைத்த படமாக இருக்கும். கொஞ்சம் ஓடிவிட்டு நின்றுவிடும். அண்ணி வயரைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பத்து... இருபது... ஐம்பது...

"இப்ப?"

"ஓடுது. இப்பக்கூடத் தலையாட்டினார்."

அண்ணி எழுந்தாள். ஒரு கையில் வயர். அதன் மறுமுனை சுவரில். கம்ப்யூட்டரில் எதுவுமே செருகப்படவில்லை. இந்தக் கம்ப்யூட்டருக்கு வைஃபையும் கிடையாது.

ஆனால் தலையணை உறை அசைந்துகொண்டிருந்தது.

கையிலிருந்த வயரின் முனையை இன்னொரு தரம் பார்த்தாள்.

"தம்பி..."

"சொல்லுங்க அண்ணி."

"இந்தப் படம் வெளியிலேர்ந்து வரலை."

"பின்ன?"

"இந்தக் கம்ப்யூட்டர் தனக்குத்தானே அனுப்பிக்குது. லூப்பேக்னு ஒரு வழி இருக்கு. தானே கேக்கும், தானே பதில் சொல்லும். வாசல்படி தாண்டாது."

"எங்க மேலதிகாரி மாதிரி" என்றான் இன்ஸ்பெக்டர்.

அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு அந்தக் கம்ப்யூட்டரின் முன்னாலேயே உட்கார்ந்தாள்.

"தொட்டா தைப்போம்னு போட்டிருக்கே" என்று முனகினார் மேனேஜர்.

"ஒயரைப் புடுங்கியே தைக்கலை. பாக்கலாம்."

பென் டிரைவில் இருந்த மோப்பியை ஏற்றினாள். லூப்பேக் வழியைக் காட்டி, முகர்ந்து பார் என்றாள்.

அன்சப்போர்ட்டட் இன்டர்ஃபேஸ்.

அண்ணி பல்லைக் கடித்தாள். அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து மறுபடி அடித்தாள். அதே வரி. கட்டளையை மாற்றிப் போட்டு அடித்தாள். அதே வரி. கல்யாண வீட்டில் முகம் திருப்பிக்கொண்ட சம்பந்தி மாதிரி அசையவே மறுத்தது மோப்பி.

பன்னிரண்டு இருபத்தைந்து.

வேறு வழியில்லை. அண்ணி ஏழு வருடத்தில் ஒரு தடவைகூடச் செய்யாத காரியத்தைச் செய்தாள்.

கையேட்டைத் திறந்தாள்.

"என்ன படிக்கிறீங்க அண்ணி?"

"இதை எப்படி உபயோகிக்கிறதுன்னு."

"இப்பவா?"

"தம்பி, கொஞ்சம் சும்மா இருங்க."

நூற்றுப் பத்துப் பக்கம். மொத்தமும் இங்கிலீஷில், எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் இருந்தது அந்தப் பத்தி. அண்ணி இரண்டு தரம் படித்தாள். நெற்றியில் தட்டிக்கொண்டாள்.

"என்ன?"

"ஒவ்வொரு பொட்டலமும் ஒரு கவருக்குள்ள வரும் தம்பி. மோப்பி முதல்ல கவர் மேல இருக்கிற அட்ரஸைத்தான் பாக்கும். லூப்பேக்ல கவரே கிடையாது. வீட்டுக்குள்ள புருஷன் பொண்டாட்டிக்கு சீட்டு எழுதினா யாராவது கவர்ல போட்டு ஸ்டாம்ப் ஒட்டுவாங்களா? கவர் இல்லைன்னதும் இவரு வேலை செய்ய மாட்டேங்கறார். கவரைத் தேடாத, நேரா லெட்டரைப் படின்னு சொல்றதுக்கு ஒரு எழுத்து இருக்கு. அதைச் சேர்த்தாப் போதும்."

"ஒரே எழுத்தா?"

"ஒரே எழுத்து."

சேர்த்தாள். தட்டினாள்.

கறுப்புத் திரை ஒரு கணம் சும்மா இருந்தது. அப்புறம் கொட்டியது. வரிவரியாக, மடைதிறந்த மாதிரி. அண்ணிக்கு மோப்பியைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அவள் விரல் ஒரு எண்ணைப் பின்தொடர்ந்தது. அந்த எண்ணை வைத்திருந்த புரோகிராம். அந்த புரோகிராமைத் தொடங்கிய நேரம், காலை ஒன்பது ஐம்பத்திரண்டு. அது படத்தை வாங்கிக்கொண்டிருந்த இடம்...

யு.எஸ்.பி. கேமரா.

அண்ணி டைப் அடிப்பதை நிறுத்தினாள். குரலைத் தாழ்த்தினாள்.

"தம்பி, சத்தம் போடாம கேளுங்க. கேமரா நேரா இந்தக் கம்ப்யூட்டர்லதான் செருகியிருக்கு."

"அதனால?"

"யு.எஸ்.பி. ஒயர் அஞ்சு மீட்டருக்கு மேல ஒழுங்கா வேலை செய்யாது."

இன்ஸ்பெக்டர் மெதுவாகத் தலையைத் திருப்பினான். வலது பக்கம் ஜன்னல். இடது பக்கம் பீரோ. பின்னால் சுவர்.

அவன் கை துப்பாக்கிக்குப் போனது.

"அப்ப... அந்தப் பத்து பேரும்..."

"அஞ்சு மீட்டருக்குள்ளதான்."

பன்னிரண்டு நாற்பது.

அண்ணி மறுபடி மேஜைக்கு அடியில் புகுந்தாள். கம்ப்யூட்டர் பெட்டியின் பின்புறத்தில் ஒரு வெள்ளை வயர். சுவரோரமாக ஓடி, பீரோவுக்குப் பின்னால் ஏறி, ஏ.சி. குழாய் போகிற ஓட்டையில் நுழைந்து மறைந்தது.

"இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன?"

"சாம்பிள் ரூம்" என்றார் மேனேஜர். "காலையிலேர்ந்து பூட்டியிருக்கே."

"தேடலையா தம்பி?"

"பூட்டின ரூமுக்குள்ள யார் அண்ணி இருப்பாங்க?" என்றான் இன்ஸ்பெக்டர். சொன்ன பிறகுதான் அவனுக்கே அது காதில் விழுந்தது.

சாவி மேனேஜர் அறையின் ஆணியில் தொங்கியது. அதை எடுத்து வந்து கொடுக்கும்போது முதலாளியம்மா இரண்டு தரம் கீழே போட்டதை அண்ணி பார்த்தாள். பாவம், பயம், என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டு கான்ஸ்டபிள்கள் கதவின் இரு பக்கமும். இன்ஸ்பெக்டர் சாவியைத் திருப்பினான். உதைத்தான். கதவு திறந்து, உள்ளே நிறுத்தி வைத்திருந்த ஒரு மெத்தையில் மோதி, அதே வேகத்தில் திரும்பி வந்து அவன் மூக்கில் அடித்தது.

இரண்டாவது தரம் தள்ளித் திறந்தார்கள்.

கும்பல் இல்லை. பத்து பேர் இல்லை. ஒருவர்கூட இல்லை.

வரிசையாக மெத்தைகள். ஸ்டாண்டில் ஒரு கேமரா. நாற்காலி. அதில் அவர். பின்னால் கைகள் மெத்தைக்கு ஓரம் கட்டுகிற நாடாவால் கட்டப்பட்டிருந்தன. அழகான பூ முடிச்சு.

அண்ணி ஓடிப்போய் தலையணை உறையை உருவினாள்.

முதலாளி.

வாய் திறந்திருந்தது. கண்கள் மூடியிருந்தன. தலை மெல்ல முன்னால் சாய்ந்தது.

'கொர்ர்...'

சட்டென்று நிமிர்ந்தது.

அண்ணி இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். இன்ஸ்பெக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தான். ஒரு மணி நேரம் ஒரு குறட்டையை விசாரித்த துக்கம் அவன் முகத்தில் இருந்தது.

"என்னங்க... என்னங்க..." முதலாளியம்மா உலுக்கினாள்.

முதலாளி விழித்தார். மனைவி, போலீஸ், மேனேஜர், முன்பின் தெரியாத ஒரு பெண். "யாராவது ஆர்டருக்கு வந்திருக்காங்களா?" என்றார்.

"உங்களைக் கடத்திட்டாங்க சார்."

"எப்ப?"

இன்ஸ்பெக்டருக்கு அதற்கு மேல் பொறுமையில்லை. விறுவிறுவென்று போய் மேனேஜரின் சட்டைக் காலரைப் பிடித்தான்.

"சாவி உன் ரூம்ல. முதல்ல பாத்தது நீ. போன் பண்ணினது நீ. நல்லாத்தான் நடிச்ச."

"ஐயோ சார், அந்தக் கேமரா அம்மா போன வருஷம் லைவ்ல மெத்தை வித்தப்ப வெச்சது சார். எனக்கு அதுல லைட் போடக்கூடத் தெரியாது."

"ஸ்டேஷன்ல வந்து லைட் போடலாம், வா."

"தம்பி, அவரை விடுங்க" என்றாள் அண்ணி. மனசுக்குள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. "அந்த புரோகிராமை ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு அந்தக் கம்ப்யூட்டர்ல உக்காந்து ஆரம்பிச்சிருக்காங்க. பாஸ்வேர்டு வேணும். மேனேஜர், உங்களுக்கு பாஸ்வேர்டு தெரியுமா?"

"தெரியாதும்மா. ஐயாவுக்கும் அம்மாவுக்கும்தான் தெரியும்."

"ஐயா அப்ப தூங்கிட்டு இருந்தார்" என்றாள் அண்ணி.

எல்லோரும் முதலாளியம்மாவைப் பார்த்தார்கள்.

முதலாளியம்மா அண்ணியிடமிருந்து பூப்போட்ட உறையை வாங்கி நான்காக மடித்தாள். அப்புறம் எட்டாக.

"அவர் காலரை விடுங்க இன்ஸ்பெக்டர். நான்தான்."

"நீயா?" என்றார் முதலாளி.

"நானேதான். வாங்க, காட்டறேன்."

எல்லோரையும் வாசலுக்கு அழைத்துப் போனாள். மெஷின் முன்னால் போய் நின்றாள். முந்தானையைச் சரி செய்துகொண்டு முகத்தைக் காட்டினாள்.

மெஷின் கணீரென்று சொன்னது.

"வணக்கம், மேனேஜர் சார்."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க ஒரு கான்ஸ்டபிள் தொப்பியைக் கடித்துக்கொண்டான். மேனேஜர் தன் மீசையைக் கையால் மறைத்துக்கொண்டார்.

"மூணு வாரமா. தினமும். நாப்பத்தாறு பேர் முன்னாடி" என்றாள் முதலாளியம்மா. "திருப்பிக் குடுத்துடுங்கன்னு இவர்கிட்ட சொன்னேன். சிரிச்சார். இருமல் வர்ற வரைக்கும் சிரிச்சார். தண்ணி குடிச்சுட்டு மறுபடி சிரிச்சார். இன்னைக்குக் காலையில இன்னொரு தரம் கேக்கலாம்னு தேடினேன். சாம்பிள் ரூம்ல நாற்காலியில தூங்கிட்டு இருந்தார். பக்கத்துல நாடா. பக்கத்துல தலையணை உறை. எதிர்ல கேமரா. என் கை சும்மா இருக்கலை."

அண்ணிக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கருவி நம்மை அடையாளம் தெரியாமல் நிற்கிற வலி அவளுக்குத் தெரியும்.

இன்ஸ்பெக்டர் நோட்டைத் திறந்தான். "இருந்தாலும் கேஸ் கேஸ்தான். சார், நீங்க ஒரு வாக்குமூலம் குடுக்கணும்."

"கேஸெல்லாம் வேண்டாம் சார். என் பொண்டாட்டி, என் கை, அவ கட்டினா. எனக்கு வலிக்கக்கூட இல்ல." முதலாளி கையை உதறினார். தாராளமாகச் சிரித்தார். "கடத்தினதே தெரியலை. வழக்கம்போல தூங்கினேன், அவ்வளவுதான்."

"வழக்கம்போலன்னா?" எழுதிக்கொண்டே கேட்டான் இன்ஸ்பெக்டர்.

"ஒன்பதரையிலேர்ந்து ஒரு மணி வரைக்கும். மெத்தையில படுத்தா சட்டை கசங்கும். அதனால நாற்காலி. பதினோரு வருஷப் பழக்கம் சார், இடியே விழுந்தாலும்..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

முதலாளியம்மா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தினமுமா?" என்றாள்.

"அது வந்து..."

"மீட்டிங், மீட்டிங்னு சொன்னீங்களே? பதினோரு வருஷமா போனை எடுக்காத மீட்டிங்? எங்கப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்பக்கூட முடியாம போச்சே, அந்த மீட்டிங்?"

குரல் உயரவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. கான்ஸ்டபிள்கள் இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள்.

முதலாளி இன்ஸ்பெக்டரின் கையைப் பற்றினார்.

"சார், என்னை அரெஸ்ட் பண்ணுங்க."

"உங்களையா? நீங்கதானே கடத்தப்பட்ட ஆளு?"

"போலீசோட நேரத்தை வீணடிச்சேன்னு போடுங்க. தூங்கி ஏமாத்தினேன்னு போடுங்க. எது வேணா போடுங்க. இப்பவே கூட்டிட்டுப் போயிடுங்க. ஜாமீன் வேண்டாம்."

"லாக்கப்ல தரைதான் சார். மெத்தை கிடையாது."

"பரவாயில்ல. நம்ம கம்பெனியிலேர்ந்து ஒண்ணு எடுத்துட்டு வரேன். சிங்கிள் போதும்."

பழக்க தோஷத்தில் மேனேஜர் ஆர்டர் புத்தகத்தை எடுத்து, "சிங்கிள்... ஒண்ணு..." என்று எழுத ஆரம்பித்தார்.

முதலாளியம்மா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முதல் ஆளாக ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள்.

"குத்தம் பண்ணினது நான்தானே, என்னை விட்டுட்டா போவீங்க?" என்றாள். "மேனேஜர்... டபுளா எழுதுங்க."